பெயர் விழுந்த திங்கள்கிழமை

என் பெயரின் விலை ஆண்டுக்கு இருநூற்றுப் பத்து செடி, செடி என்பது எங்கள் கானா நாட்டுப் பணம். குமாசியின் கெஜேத்தியா சந்தையில் அந்தப் பணத்துக்கு ஒன்றரைக் கோழி வரும். அரைக் கோழியை யாரும் உயிரோடு விற்பதில்லை என்பதால் ஒரு கோழி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் என்றால் அம்மா வைத்த பெயரைச் சொல்லவில்லை. அது பொகுவா, இலவசம். நான் சொல்வது கம்ப்யூட்டருக்குள் இருந்த பெயர்: பொகுவாகிளாத் டாட் காம். சாவுத் துணி விற்கிறேன். கறுப்பு, சிவப்பு, நன்றாக வாழ்ந்து முடித்த கிழவர்களுக்குக் கறுப்பு வெள்ளை. செத்தவரின் முகத்தைத் துணியில் பதித்து, குடும்பம் முழுக்க ஒரே துணியில் வந்து நிற்கும்படி அடித்துத் தருவேன். ஹாம்பர்க்கில் டாக்ஸி ஓட்டுகிறவனும், அமெரிக்காவின் பிராங்க்ஸில் கிழவிகளைக் குளிப்பாட்டுகிறவளும், ஊரில் அம்மா போய்விட்டால் எனக்குத்தான் மெயில் போடுவார்கள். அம்மாவின் படம், ஆள் கணக்கு, முன்பணம். என்னை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காத ஒருத்தியை நம்பி அம்மாவின் முகத்தை அனுப்புவார்கள். அந்த நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு வரிப் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பதிந்து வைத்தவர் என் வீட்டுக்காரர் பெடியாக்கோ. வாயால் ஆகிற வேலை எனக்கு, விரலால் ஆகிற வேலை அவருக்கு என்று எங்களுக்குள் ஒரு பிரிவினை. வந்த மெயிலை என் போனில் படிப்பேன், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் என்ன இயந்திரம் ஓடுகிறது, யாருக்கு என்ன கட்டுகிறோம் என்று கேட்டதில்லை. ஜூன் பதினொன்றாம் தேதி காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துணி மூட்டை மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

உடல் பெரிய ஆஸ்பத்திரியின் ஐஸ் அறைக்குப் போனது. அடக்கம் அக்டோபர் ஐந்து, சனிக்கிழமை என்று அவர் குடும்பம் முடிவு செய்தது. டொரான்டோவில் இருக்கும் நாத்தனார் செர்வாவுக்கு அப்போதுதான் லீவு. உயிரோடு இருக்கும்போது பத்து நிமிடம் காத்திருக்காத எங்கள் ஆட்களுக்குச் செத்தபிறகு நாலு மாதம் காத்திருக்கப் பொறுமை வந்துவிடும்.

அன்று மாலையே பெடியாக்கோவின் தாய்மாமா அபாபியோ வந்து, அவர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு போனார். இதிலும் புதிதாக ஒன்றுமில்லை. எங்களில் ஆண்பிள்ளை தாய்வழிக்குச் சொந்தம். அவன் போனால் அவன் பொருளும் அந்த வழிக்கே. பெண்டாட்டி வேறு குடும்பம். அடக்கம் முடிந்து, குடும்பம் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாகக் கணக்கெடுக்கும் வரை அந்த அறைக்குள் கொசு மட்டும் போய்வரலாம். கட்டில், ஏழு கெந்தே துணி, ரேடியோ, லேப்டாப், போன். பூட்டும்போது நான் வாயைத் திறக்கவில்லை. என் பெயரும் உள்ளே மாட்டிக்கொண்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜூலையில் மெயில் வருவது நின்றது. கறுப்புத் துணியில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வாடிக்கையாளர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது வருடம் சந்தையில் வளர்ந்தவள், சத்தமில்லாத கடையைப் பார்த்து மரியாதை என்று நினைத்தது அந்த ஒரு முறைதான்.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஹாம்பர்க்கிலிருந்து கொனாது கூப்பிட்டாள். பத்து வருட வாடிக்கை. அவள் அம்மாவும் ஐஸ் அறையில் இருந்தாள்.

"அக்கா, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். ஏன், எனக்கும் சேர்த்து துணி அடிக்கப் போறியா?"

"விளையாடாதே. மூணு மெயில் போட்டேன், மூணும் திரும்பி வந்துடுச்சு. உன் வெப்சைட்டைத் திறந்தா மெத்தை விளம்பரம் வருது. பொகுவா பணத்தைச் சுருட்டிட்டு ஓடிட்டான்னு இங்க சர்ச்ல பேசறாங்க."

"யாரு பேசறா?"

"யாருன்னு சொன்னா உடனே ப்ளேன் ஏறி வந்துடுவே. முதல்ல என்னன்னு பாரு."

பார்த்தேன். மெத்தை, உடனடிக் கடன், விவாகரத்து வக்கீல். என் அம்மாவின் பழைய கடைப் படம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடும் என்கிற கடைத்தெருவில், மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அம்போன்சாவிடம் ஓடினேன். நாற்பது வயது, நாக்கில் எலும்பே கிடையாது. என் வெப்சைட் முகவரியை எங்கேயோ தட்டிப் பார்த்தான்.

"ஆன்ட்டி, உங்க பேர் செத்துப் போச்சு. ஆனா இன்னும் புதைக்கல. அதுவும் ஐஸ் அறையிலதான் இருக்கு."

"ஒழுங்காச் சொல்லுடா."

"வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஜூன் இருபத்தொம்பதோட முடிஞ்சிருக்கு. பெடியாக்கோ மாமா கார்டுலேர்ந்து தானா எடுத்துக்கற மாதிரி போட்டு வெச்சிருப்பாரு. மாமா போனதும் பேங்க்காரன் கார்டை நிறுத்திட்டான். முதல் முப்பது நாள் சும்மா பொறுப்பாங்க. அப்போ கட்டியிருந்தா ஒரு கோழி விலை. அடுத்த முப்பது நாள் அபராதத்தோட மீட்கலாம், ஒரு ஆட்டு விலை. அது இந்த இருபத்தெட்டாம் தேதியோட சரி. அப்புறம் அஞ்சு நாள் யாரும் தொட முடியாது. அதுக்கப்புறம் கீழ விழும். யார் கையில விழுதோ அவங்களுது."

"சாவுத் துணிக் கடைப் பேரை எவன் எடுக்கப் போறான்? மெத்தைக்காரனா?"

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். விழப்போகிற பெயர்களின் பட்டியல், சந்தையில் விலைப்பலகை போல. என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. மூன்று.

"இது என்ன மூணு?"

"மூணு பேர் கீழ வலை விரிச்சு வெச்சிருக்காங்க."

"யாரு?"

"பேர் சொல்ல மாட்டாங்க ஆன்ட்டி. அதுதான் அவங்க தொழிலே."

"எடுத்து என்ன பண்ணுவான்? துணி விப்பானா?"

"துணி எதுக்கு? உங்க நாற்காலியில உக்காருவான். பேர் யாருதோ, அந்தப் பேருக்கு வர்ற மெயிலும் அவனுது. ஹாம்பர்க் அக்கா உங்களுக்குன்னு எழுதுவாங்க, அவன் படிப்பான். உங்க பேர்லயே பதில் போடுவான். முன்பணத்தை இந்தப் புது அக்கவுன்ட்ல போடும்மான்னு சொல்லுவான். அவங்களும் போடுவாங்க. ஏன் போட மாட்டாங்க? எழுதறது நீங்கதானே?"

கள்ள முழம் பார்த்திருக்கிறேன். ஒரே துவைப்பில் சாயம் போகிற துணியைச் சத்தியம் செய்து விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை விற்றும் இருக்கிறேன். ஆனால் என் கடையில், என் நாற்காலியில், என் முகத்தை மாட்டிக்கொண்டு ஒருவன் உட்காருவான் என்பது எந்தச் சந்தையிலும் கேள்விப்படாதது.

"ஆட்டு விலைதானே? இப்பவே கட்டு."

"கட்டணும்னா உள்ள நுழையணும். நுழைய ஓ.டி.பி. வேணும். ஆறு நம்பர். மாமா மெயிலுக்கு வரும். அந்த மெயில்தான் இந்தப் பேரோட சேர்ந்து செத்துடுச்சே. இல்லேன்னா மாமா போனுக்கு வரும். ரெண்டும் இல்லேன்னா சாவுச் சான்றிதழும் கோர்ட் பேப்பரும் அனுப்பச் சொல்றாங்க."

கோர்ட் விடுமுறையில் இருந்தது. அக்டோபரில்தான் திறப்பார்கள். நீதிபதிகளும் செர்வாவும் ஒரே மாதத்தில் வருகிறார்கள்.

"போன் எங்க இருக்கு ஆன்ட்டி?"

"பூட்டின அறையில."

"சாவி?"

"அவரோட மாமா இடுப்புல."

அம்போன்சா விசில் அடித்தான். "கம்ப்யூட்டரைன்னா ஏதாவது பண்ணி உடைக்கலாம். மாமாவை உடைக்க எனக்குத் தெரியாது."

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமையில் அபாபியோ மாமாவைத் தேட வேண்டியதில்லை, எங்கே சாவுப் பந்தல் போட்டிருக்கிறதோ அங்கே முதல் வரிசையில் இருப்பார். பந்தாமா பேட்டையில் ஒரு பந்தலில் பிடித்தேன். வெள்ளைத் தாடி, தோளில் கறுப்புத் துணி. அந்தக் குடும்பம் கட்டியிருந்தது என் துணி இல்லை என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன். ஜின் பாட்டிலை அவர் காலடியில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு மேலே கத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, ஒரு கால் மணி நேரம் கதவைத் திறங்க. நான் உள்ள வரவே மாட்டேன். நீங்களே போனை எடுங்க. ஆறு நம்பர் வரும். படிச்சுச் சொல்லிட்டுத் திரும்பப் பூட்டிக்கங்க."

"ஆறு நம்பரா? லாட்டரிக்காரனும் இதைத்தான் சொன்னான். என் லாரி போச்சு."

"இது லாட்டரி இல்ல மாமா. என் பேரு போகப் போகுது."

"பொகுவா!" என்று கூப்பிட்டார். திரும்பினேன். "பாரு, பேரு உங்கிட்டதான் இருக்கு."

பக்கத்து நாற்காலிகள் சிரித்தன. நானும் சிரித்தேன், பேரத்தில் முதல் சிரிப்பை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பது நல்லது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த போன்ல அவன் போட்டு வெச்ச பணம் இருக்கு. நாலாயிரமோ அஞ்சாயிரமோ. ஆறு நம்பர் வெளிய போனா பணமும் பறந்துடும்னு செர்வா சொல்லியிருக்கா."

"பணத்தை நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு வேண்டாம்."

"பணம் வேண்டாம்னு சொல்ற வியாபாரியை நான் இன்னும் பாக்கல பொண்ணே. எட்டு நாள் பொறு. அடுத்த ஞாயிறு குடும்பம் கூடும். அங்க வந்து சொல்லு."

அந்த எட்டு நாளும் அம்போன்சா காலையில் ஒரு எண்ணை மட்டும் என் போனுக்கு அனுப்புவான். மூன்று. மூன்று. நாலு. நாலு. ஆறு. காய்ச்சல்காரனுக்கு டிகிரி பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் பேர் தெரியாத ஆறு பேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள், நான் கிளையில் தொங்குகிறேன்.

வியாழக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. ஆண் குரல், மென்மையான ஆங்கிலம், எந்த ஊர் என்று பிடிபடாத உச்சரிப்பு.

"மேடம், பொகுவா துணிக் கடைதானே? உங்க பழைய விளம்பரத்துல நம்பர் பார்த்தேன். கடை இன்னும் நடக்குதா?"

துக்கத்திலும் வாய் வியாபாரி வாய்தானே. "நடக்காமலா? உலகம் முழுக்க அனுப்பறோம். ஜெர்மனி, அமெரிக்கா, இத்தாலி. உங்களுக்கு எத்தனை கெஜம்?"

"ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

போனை இறக்கிய பிறகுதான் உறைத்தது. சந்தையில் யாம் கிழங்கை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம். அவன் என்னைத் தட்டிப் பார்த்தான். உள்ளே அழுகவில்லை, சரக்கு நல்ல சரக்கு என்று நானே சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலை எண் ஏழு.

ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடியது. ஒன்பது பேர், நடுவில் மேசைமேல் ஒரு போன், அதற்குள்ளே டொரான்டோவிலிருந்து செர்வா.

"அண்ணி, நேரா விஷயத்துக்கு வர்றேன்," என்றது போன். "கதவு திறக்கணும்னா எஜிசு வீட்டுல உனக்குப் பங்கு இல்லைன்னு எழுதிக் கொடு."

எஜிசு வீடு என்றால் நானும் அவரும் கட்டிக்கொண்டிருந்தது, மூன்று அறை, கூரை இன்னும் போடவில்லை. அதில் போன சிமென்ட்டில் பாதி என் துணியில் வந்த சிமென்ட். என் அம்மா எனக்குப் பேரம் சொல்லிக்கொடுத்தபோது முதல் விலைக்குச் சிரிக்கச் சொன்னாள், இரண்டாவது விலைக்குச் செருப்பை மாட்டச் சொன்னாள், மூன்றாவதுக்குத்தான் காது கொடுக்கச் சொன்னாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"பேப்பரைக் கொடுங்க," என்று சொன்னேன்.

அபாபியோ மாமா என்னை உற்றுப் பார்த்தார். "பேசிப் பாக்கலையா?"

"இல்ல மாமா."

"ஒரு வார்த்தைகூடவா?"

"கையெழுத்து எங்க போடணும்?"

போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. பொகுவா முதல் விலைக்குத் தலையாட்டினாள் என்றதும் அவர்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. அந்த அறையில் கோடிக்கணக்கில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சாட்சியில்லாமல் கதவைத் திறக்கவே கூடாது, ஓபுவாசியிலிருந்து பெரிய தாத்தா வர வேண்டும் என்று போன் கத்தியது. தாத்தாவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வசதி. நான் கொஞ்சம் அழுது, கொஞ்சம் திட்டி, பாதி வீட்டை மட்டும் விட்டுத்தருவேன் என்று நின்றிருந்தால் அன்று மாலையே திறந்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை, இருபத்தேழாம் தேதி, கதவு திறந்தது. பூட்டிய அறையின் சூடு முகத்தில் அடித்தது, அதற்குள் அவருடைய ஷேவிங் சோப்பு வாசனை. கட்டிலில் தலையணை அவர் தலை அழுத்திய பள்ளத்தோடு அப்படியே இருந்தது. நான் வாசலிலேயே நின்றேன், வாக்கு வாக்குதான். மாமா போனை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். சார்ஜ் இல்லை. தெருவில் கரண்டும் இல்லை. மாமாவின் பழைய வேனில் நாலு பேரும் ஏறி எஞ்சினை ஓட விட்டோம்: மடியில் லேப்டாப்போடு அம்போன்சா, எதற்கு வந்தோம் என்று புரியாத ஓபுவாசி தாத்தா, மாமா, நான். இருபது நிமிடம் கழித்து போன் விழித்தது. திறக்கும் எண் எனக்குத் தெரியும், எங்கள் கடை எண்.

"அனுப்பச் சொல்லிட்டேன்," என்றான் அம்போன்சா. "இப்ப வரும்."

வரவில்லை.

"இன்னொரு தடவை போடு."

போட்டான். மாமா போனைக் காதில் வைத்துப் பார்த்தார், கோழி முட்டையைக் காதில் வைத்துப் பார்க்கிற மாதிரி. அம்போன்சா தன் போனிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தான். இந்த எண் நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல், மிகவும் சந்தோஷமாகச் சொன்னது.

"மாமா," என்றேன். "சிம்மை யாராவது அடைக்கச் சொன்னீங்களா?"

அவர் வேனின் கண்ணாடியைப் பார்த்தார். ஓபுவாசி தாத்தாவைப் பார்த்தார். பார்க்க வேறு ஆள் மிச்சமில்லை.

"ஜூன் பன்னண்டாம் தேதியே அடைச்சுட்டோம். செர்வா சொன்னா. சாவுச் சான்றிதழைக் காட்டி. நீ அந்தப் பணத்தை எடுத்துடக் கூடாதுன்னு."

"அப்போ பத்து நாளா எதுக்கு மாமா கதவைக் காவல் காத்தீங்க?"

"சிம் வேற, போன் வேறன்னு நினைச்சேன்," என்றார் மெதுவாக.

லேப்டாப்பும் அதே ஆறு நம்பரைத்தான் கேட்டது.

மறுநாள் இருபத்தெட்டு. சிம் கம்பெனி அலுவலகத்தில் வரிசை தெருவரை நின்றது. மாமாவும் வந்தார், நான் கூப்பிடவில்லை. கவுன்டர் பெண்ணுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சிம் யார் பேர்ல இருக்கோ அவர் அடையாள அட்டையோட நேர்ல வரணும்."

"அவரால வர முடியாதும்மா."

"உடம்பு சரியில்லையா?"

"ஐஸ் அறையில இருக்கார்."

"அப்போ கோர்ட் பேப்பர் வேணும். அடுத்த ஆள்."

அன்றோடு கெடு முடிந்தது. பிறகு அந்த ஐந்து நாள், யாரும் தொட முடியாத நாட்கள். அதற்குள் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பரணிலிருந்து துண்டுப் புத்தகத்தை இறக்கியது. ஒவ்வொரு ஆர்டருக்கும் துணியில் ஒரு விரல் அகலம் வெட்டி, தாளில் ஊசி குத்தி வைப்பது என் அம்மா காலத்துப் பழக்கம். பக்கத்திலேயே பெயர், ஊர், போன் நம்பர். பெடியாக்கோ அதைக் கேலி செய்வார், எல்லாம் மெயிலில் இருக்கிறதே என்று. எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு துண்டுகள்.

செப்டம்பர் இரண்டு, திங்கள்கிழமை. மாலை ஆறு மணிக்கு மேல் விழும் என்று அம்போன்சா கணக்குப் போட்டிருந்தான். எண் ஒன்பது. பத்தாவதாக அவனும் எங்களுக்காக ஒரு வலை விரித்திருந்தான்.

"எடுத்துடுவியா?"

"அவங்களுதெல்லாம் கப்பல் வலை ஆன்ட்டி. நம்மளுது கொசுவலை."

"விழும்போது எப்படி இருக்கும்?"

"சத்தமே வராது."

வரவில்லை. வெளியே வறுத்த வாழைக்காய்க்காரி கூவிக்கொண்டிருந்தாள். அவன் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஆறு முப்பத்திரண்டுக்கு யாருடையதும் இல்லை என்று இருந்தது, ஆறு முப்பத்திமூன்றுக்கு ஒருவனுடையது என்று ஆகியிருந்தது. உரிமையாளர் பெயர்: மறைக்கப்பட்டுள்ளது. ஊர்: மறைக்கப்பட்டுள்ளது. அம்போன்சா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவன் வாயில் நகைச்சுவை வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. வெறும் வெள்ளைப் பக்கம். வியாழக்கிழமை காலை திறந்தபோது என் கடை திரும்பி வந்திருந்தது. அதே சிவப்பு எழுத்து, அதே துணிப் படங்கள், ஓரத்தில் என் அம்மா தன் கடையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். எல்லாவற்றையும் எங்கிருந்தோ அப்படியே நகல் எடுத்திருந்தான். கீழே இருந்த போன் நம்பர் மட்டும் என்னுடையது இல்லை.

மத்தியானம் கொனாது கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, மெயில் சரியாயிடுச்சான்னு பாக்க ஒரு வரி போட்டேன். பழக்க தோஷம், 'பெடியாக்கோ அண்ணா'ன்னு ஆரம்பிச்சுட்டேன்."

"சரி."

"அண்ணா பதில் போட்டிருக்கார்."

"படி," என்றேன். அவள் படித்தாள். அன்புள்ள கொனாது, தாமதத்துக்கு மன்னிக்கவும். கடை மறுபடி திறந்துவிட்டது. நான் நலம். வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, கீழே கொடுத்திருக்கிறேன். அம்மாவின் படத்தை இன்னொரு முறை அனுப்பவும். அன்புடன், பெடியாக்கோ.

நான் நலம் என்று எழுதியிருந்தான்.

எனக்குத் தெரியும். பேய் இல்லை, பில்லி சூனியம் இல்லை, எங்கேயோ ஒரு திருடன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் கால் என்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனது. பின்னாலேயே அபாபியோ மாமா. காவலாளிக்கு ஏதோ கொடுத்து இழுப்பறையைத் திறக்க வைத்தார். பெடியாக்கோ படுத்திருந்தார். புருவத்தில் பனி. வலது கையைப் பார்த்தேன். விரல்கள் ஷட்டரின் பிடியை இன்னும் விடாதது போல மடங்கியிருந்தன. மாமா என் பக்கத்தில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் எழுதல," என்றார், எனக்கு அது சொல்லித் தெரிய வேண்டும் என்பது போல. வெளியே வந்ததும், "எத்தனை பேருக்குப் போன் போடணும்?" என்று கேட்டார்.

துண்டுப் புத்தகத்தை இரண்டாகப் பிரித்தோம். மாமாவுக்குப் பந்தலில் பேசிப் பழகிய குரல், ரோமில் இருப்பவனுக்குப் போன் இல்லாமலே கேட்கும். "நான் அபாபியோ. பெடியாக்கோவின் மாமா. அவன் செத்துட்டான். செத்தவன் பேர்ல மெயில் வந்தா நம்பாதே. தப்பு என்னுது." கடைசி வரியை ஒவ்வொரு தடவையும் சொன்னார். நான் கேட்டு வாங்கவில்லை. எஜிசு பேப்பரை செர்வா வந்ததும் திருப்பி வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

வானொலியில் சொன்னோம். அடிக்கிற ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் என் போன் நம்பரை அச்சிட ஏற்பாடு செய்தேன். மெயில் வேண்டாம், குரலைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒன்பது வலைக்காரர்களில் எவன் அவன் என்று இன்றுவரை தெரியாது. இடையில் ஒருமுறை அந்த மென்மையான குரல் மறுபடி கூப்பிட்டு, "மேடம், பெயரைத் திருப்பி வாங்கிக்கறீங்களா?" என்று ஒரு விலை சொன்னது. ஆட்டு விலையில்லை, கூரை போட்ட எஜிசு வீட்டின் விலை. நான் சிரித்தேன். இந்த முறை சிரிப்பு வந்தது. இரண்டாவது விலை சொல்ல அவன் இன்னும் கூப்பிடவில்லை.

நாளை அடக்கம். இன்று, அக்டோபர் நாலு, மாலை வரைக்கும் கணக்கு இது:

ஊசி குத்திய துண்டுகள் இருநூற்றுப் பதினாலு. என் குரலோ மாமாவின் குரலோ கேட்டு உஷாரானவர்கள் இருநூற்று ஒன்று. உலகத்தை விட்டே போய்விட்டதால் இனி ஏமாற முடியாதவர்கள் எட்டு. நாங்கள் கூப்பிடும் முன்பே புதுக் கணக்கில் பணம் போட்டு, என்னைத் திருடி என்று திட்டி, பிறகு அழுதவர்கள் இரண்டு. அவர்களுக்குத் துணி நான் அடித்துத் தருகிறேன்.

மீதி மூன்று. ஒன்று, ஜெனோவாவில் ஒருவன், நம்பர் உபயோகத்தில் இல்லை. இன்னொன்று, பிராங்க்ஸில் ஒருத்தி, நம்பர் எழுதிய இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. மூன்றாவது, கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட துண்டு. அதற்குப் பக்கத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை, பெடியாக்கோவின் கையெழுத்தில் இரண்டே வார்த்தை: "அம்மா, நவம்பர்." அடுத்த மாத அடக்கத்துக்கு யாரோ ஒருவர் அம்மாவின் முகத்தை அந்தத் திருடனுக்கு அனுப்பக்கூடும்.

மூன்று பாக்கி.